பதினான்காவது எல்லைக் கல்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் வனக்காப்பாளர்களுக்கு,

உங்களிடம் என் அனுபவத்தைச் சொல்லும்படி சரக அலுவலகத்தில் கேட்டார்கள். இது வழக்கமாக ஓய்வுபெற்றவர்களின் வேலை. நான் ஓய்வுபெறவில்லை. பதவி உயர்வில் வேறு மாவட்டத்துக்குப் போகிறேன், அவ்வளவுதான். உங்களில் சிலர் என்னைவிட வயதில் மூத்தவர்கள் என்பதும் தெரியும். அதற்காகத் தயங்கப் போவதில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். அம்மாவும் பெரியம்மாவும் சேலத்தில் வெள்ளிக் கொலுசுக்கு வளையம் கோத்து என்னைப் படிக்க வைத்தார்கள். படித்தேன், தேர்வு எழுதினேன், வனவர் ஆனேன். எனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

பேசினால் அவசரத்தில் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன்.

நில வரைபடம் படிப்பதைப் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பழுப்புக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விரிந்திருந்தால் சரிவு குறைவு. ஓடை நீல நிறத்தில் இருந்தால் தண்ணீர் உண்டு, கறுப்பில் இருந்தால் மழைக்கு மட்டும் ஓடுவது. நம் சரகத்தின் தாளில் நீலத்தைத் தேடிப் பாருங்கள், கண் வலிதான் மிச்சம். எல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்புக் கோட்டின் ஓரத்தில் சில இடங்களில் ஓர் எண்ணும் அதையொட்டிப் பொடியாக ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். பன்னிரண்டு ஆர் என்றால், அந்த இடத்தில் ஓடையின் கரை அடிமணலிலிருந்து பன்னிரண்டு மீட்டர் உயரம் என்று பொருள். உள்ளே இறங்கினால் பக்கவாட்டில் ஏற முடியாது. அதைப் பார்த்தால் ஒதுங்கிப் போ என்றுதான் எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல வரவில்லை. அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு நின்ற ஒரு மதியத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அன்று பெரிய வெள்ளிக்கிழமை. நான் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அன்றைக்குச் சர்ச்சில் இருக்க வேண்டியவள். ஆனால் காட்டுத்தீக் காலத்தில் யாருக்கும் விடுமுறை இல்லை. காலையிலிருந்து வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. எங்காவது புகை தெரிகிறதா என்று பார்ப்பதே வேலையாக இருந்தேன்.

எங்கள் பங்கு மக்கள், அதாவது எங்கள் சர்ச்சைச் சேர்ந்தவர்கள், அன்று நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் இருக்கும் இரட்டைக் கரடு என்ற சிறு குன்றுக்கு வேனில் வந்திருந்தார்கள். அந்தக் கரடு நம் காப்புக்காட்டின் ஓரத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே அவர்கள் சிலுவைப்பாதை நடப்பார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆண்டவர் சிலுவையைச் சுமந்துபோன வழியைப் பதினான்கு ஸ்தலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முழந்தாளிட்டுச் செபம் சொல்லி அடுத்ததற்குப் போவது. இந்தக் கரட்டில் ஒவ்வொரு ஸ்தலத்துக்கும் ஒரு கல்குவியல் கட்டிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். முன்பு மேலே மரச்சிலுவைகள் இருந்தன. கரையான் அரித்துவிட்டது. அதனால் ஒவ்வொரு குழுவும் கையில் ஒரு சிலுவையைக் கொண்டுபோய், ஒவ்வொரு குவியலின் முன்னாலும் மண்ணில் ஊன்றி நிறுத்திக் கும்பிடுவது பழக்கமாகிவிட்டது.

மதியம் உபதேசியார் சரக அலுவலகத்துக்கு ஓடிவந்தார். கோயில் வேலைகளைக் கவனிப்பவர். என்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர். மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்கியது.

“அம்மா, பின்னால வந்தவங்க ஏழு பேரைக் காணோம்மா. அத்தனையும் பொம்பளைங்க. கீழ வந்து கஞ்சி ஊத்தும்போதுதான் தெரிஞ்சுது. கரண்டி புடிக்கிற ஆளு எங்கேன்னு தேடினா, உங்க பெரியம்மாவக் காணோம்.”

பெரிய வெள்ளிக்குக் கஞ்சிக் கரண்டி எப்போதும் என் பெரியம்மா ஆரோக்கியமேரியிடம்தான் இருக்கும். வேறு யாரும் தொட்டால் சண்டைக்கு வருவாள்.

“போன் போட்டுப் பார்த்தீங்களா?”

“பக்தி முயற்சின்னு எல்லாரும் போனைப் பையோட வேன்லயே வெச்சிட்டாங்க. பையனுங்க மேல ஏறிக் கத்திப் பார்த்துட்டானுங்க. சிலுவை மேடு பூரா தேடியாச்சு.”

நான் கேட்கப் பயந்த கேள்வியைக் கேட்டேன். “காலையில சுகர் மாத்திரை போட்டுக்கிட்டாங்களா?”

“பக்கத்து வீட்டுப் பிலோமினாவும் கூடத்தான் போயிருக்கா. போட்டுக்கிட்டாங்கன்னுதான் அவ வீட்டுக்காரர் சொல்றார். ஒருசந்தி விரதம் வேற. பச்சத்தண்ணி பல்லுல படல.”

சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஒன்றும் சாப்பிடாமல் வெயிலில் மலை ஏறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மயக்கம் வரும். அதற்கு மேலும் வரும். டாக்டர் அவளிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! “தவக்காலம் நாற்பது நாள்ல ஒரு நாளாவது ஆண்டவருக்காகப் பட்டினி கெடக்கறேன், போய்யா” என்று அவரையே விரட்டியவள்.

எங்கள் ரேஞ்சர் வரைபடத்தை விரித்தார். பதற்றப்படாத மனிதர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் நாலு வார்த்தை பேசுவார்.

“வழி தப்பினவங்க கீழதான் எறங்குவாங்க. ரோட்டுச் சத்தம் கேக்கற பக்கமாப் போவாங்க. கிழக்குச் சரிவு முழுக்க ஆள் போட்டுச் சலிப்போம்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. காட்டில் தொலைந்தவர்களைத் தேடிய யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் எனக்கு ஏதோ உறுத்தியது. வரைபடத்தில் கரட்டைப் பார்த்தேன். இரண்டு மேடுகள், நடுவில் ஒரு தாழ்ந்த கழுத்து. சிலுவைப்பாதை அந்தக் கழுத்து வரை ஏறி, வலப்பக்கம் திரும்பிச் சின்ன மேட்டில் முடிகிறது. நம் காப்புக்காட்டு எல்லையும் அதே கழுத்து வரை பாதையோடு சேர்ந்து வந்து, அங்கே இடப்பக்கம் திரும்புகிறது. பெரிய மேட்டின் சரிவை அறுத்துக்கொண்டு முகட்டைத் தாண்டி மேற்கே போகிறது. மேற்கே மலையடிவாரம் வரை மனித நடமாட்டம் இல்லை. வெள்வேலும் உசிலையும் சூரைமுள்ளும் மட்டும்தான்.

எல்லைக் கோட்டின் மேல் சிறு சிறு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் எல்லைக் கல்குவியல்.

“உபதேசியாரே, கழுத்துல இருக்கறது எத்தனாவது ஸ்தலம்?”

“ஏழாவது.”

“எட்டாவதுக்கு இந்த வருசம் சுண்ணாம்பு அடிச்சீங்களா?”

அவர் யோசித்தார். “இல்லம்மா. மழையில கரைஞ்சு கல்லு கல்லா நிக்குது. கூட்டமாப் போறோமே, தெரியாமப் போயிருமான்னு விட்டுட்டோம்.”

முந்தைய வாரம்தான் நம் ஆட்கள் எல்லைக் கற்களைச் சுற்றிப் புல் செத்தி, குவியலைச் சரிசெய்து, சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தார்கள். எண் எழுதும் வேலை மட்டும் மிச்சம். எல்லைக் கல் எப்படி வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றில் நின்றால் அடுத்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கூட்டம் முன்னால் போய்விட்டது. பின்தங்கிய ஏழு பெண்கள் கழுத்தில் ஏழாவது ஸ்தலத்தை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்கள். வலப்பக்கம் கல்லோடு கல்லாக ஒன்று. இடப்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக ஒன்று. எந்தப் பக்கம் போவார்கள்?

ரேஞ்சரிடம் சொன்னேன். “சார், இவங்க வழி தப்பினவங்க இல்ல. வழி தப்பினதே அவங்களுக்குத் தெரியாது. சிலுவைப்பாதையை நடந்துக்கிட்டிருக்காங்க. அதனால எறங்க மாட்டாங்க. பதினாலு முடியற வரைக்கும் அடுத்த கல்லு, அடுத்த கல்லுன்னு போவாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். “உங்க பெரியம்மாவா அவங்க?”

“ஆமா சார்.”

“அப்ப நீங்க இங்கேயே இருங்க. சொந்தக்காரங்க மாட்டிக்கிட்டா யாருக்கும் புத்தி நிதானமா இருக்காது.”

“எனக்கும் இல்ல சார். ஆனா அந்தம்மா எப்படி நடக்கும்னு இந்த ஆபீஸ்ல எனக்கு மட்டும்தான் தெரியும்.”

“நீங்க சொல்றது தப்பா இருந்தா?”

“அதுக்குத்தான் சார், நீங்க கிழக்குப் பக்கம் போங்கன்னு சொல்றேன்.”

அவர் வாயோரம் லேசாகச் சிரித்தது போலிருந்தது. ஆட்களைப் பிரித்தார். கிழக்குச் சரிவுக்குப் பெரிய குழு. எனக்கு இரண்டு வாட்சர்கள், ஒரு வாக்கி. நான் இன்னொன்றும் கேட்டேன். இடப்பக்கத்து முதல் கல்லை எட்டாவதாக வைத்து எண்ணினால் பதினான்காவதாக வரும் கல்லைத் தாண்டியதும் பழுப்புக் கோடுகள் அகலமாக விரிகின்றன. அங்கிருந்து நிதானமாக இறங்கி, ஜீப் வரக்கூடிய தீத்தடுப்புக் கோட்டைத் தொட்டுவிடலாம். ஜீப்பை அங்கே சுற்றி அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்.

நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் ஊகத்தில் உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும், அது பொய்த்தால் பிடித்துக்கொள்ள ஓர் ஆளை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டுப் போங்கள். ரேஞ்சர் எனக்காக விட்டுக்கொடுக்கவில்லை. நானும் அவரை மடக்கவில்லை. ஒருவர் தப்பாக இருக்கலாம் என்பதற்காகத்தான் மற்றவர் எதிர்ப்பக்கம் நடந்தார்.

கழுத்து வரை ஏறுவதற்குள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாறையிலிருந்து அனல் முகத்தில் அடித்தது. ஒரு பறவைச் சத்தம் இல்லை. என்னுடன் வந்த வாட்சர் செங்கோடன் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். சும்மா இருக்கத் தெரியாதவர்.

“ஏனுங்க மேடம், இந்த வெயில்ல சாமியே எறங்கி நெழலுக்குப் போயிருக்கும். இவங்க எதுக்குங்க செருப்பில்லாம ஏறறாங்க?”

“அதுதான் நேர்ச்சை.”

“எங்கூட்லயும் பழனிக்கு நடப்பாங்க. ஆனா மோரு குடிச்சுக்கிட்டுப் போவாங்க.”

எனக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. கழுத்தைத் தாண்டி இடப்பக்கத்து முதல் எல்லைக் கல்லுக்குப் போனோம். சுற்றிலும் புல் செத்திய மண் பொடியாக இருந்தது. அதில் ஒரு குழி, சிலுவை ஊன்றியது. அதன் முன்னால் முழங்கால் பதிந்த தடங்கள்.

செங்கோடன் குனிந்து எண்ணினார். “ஏழு சோடி முட்டிங்க மேடம். அட, நீங்க சொன்னது சரிதானுங்க!”

சரிதான் என்ற சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. சரி என்றால், அவள் இந்தப் பக்கம்தான் போயிருக்கிறாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு, நிழலே இல்லாத இந்தச் சரிவில்.

எட்டு. ஒன்பது. பத்து. ஒவ்வொரு கல்லிலும் குழியும் தடங்களும் இருந்தன. முகட்டைத் தாண்டியதும் மேற்குப் பக்கத்துச் சமவெளி முழுவதும் விரிந்தது. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடுகள், கோழிப்பண்ணைகளின் நீளமான தகரக் கூரைகள், அதற்கப்பால் லாரிகள் ஊர்ந்த சாலை. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலத் தெரிந்தது. பன்னிரண்டாவது இடத்தில் தடங்கள் மாறின. ஆறு பேர் முழந்தாளிட்டிருந்தார்கள். ஒருவர் உட்கார்ந்திருந்தார். மண் அகலமாக அழுந்தியிருந்தது.

சிலுவைப்பாதையில் என் பெரியம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் அது வேறு யாரோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதின்மூன்றாவதிலும் தடங்கள் இருந்தன. அங்கிருந்து பதினான்காவது கல் எதிரே வெள்ளையாகத் தெரிந்தது. நான் ஓடினேன். அங்கே எல்லோரும் இருப்பார்கள், அதட்டிவிட்டு அழைத்துப்போகலாம் என்று மனத்துக்குள் வசனமே தயாராக இருந்தது.

பதினான்காவது கல்லில் யாரும் இல்லை. குழி இல்லை. தடம் இல்லை. நம் ஆட்கள் புல் செத்திய மண் அப்படியே இருந்தது.

அந்த இடத்தில் நான் நின்ற நிலையை மறைக்க விரும்பவில்லை. கண் இருண்டது. ஒரு ஸ்தலம் மிச்சமிருக்கும்போது அந்தப் பெண்கள் நிற்க மாட்டார்கள். நின்றுவிட்டார்கள் என்றால், நிற்க வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். செபத்தை முன்னால் நின்று சொல்கிற பெரியம்மாவே விழுந்துவிட்டால்தான் அது நிற்கும்.

“மேடம், அங்க பாருங்க, பண்ணை தெரியுது. கூரையப் பாத்துட்டு அங்கதானுங்க எறங்கியிருப்பாங்க. உதவி கேக்கணும்னா ஊட்டத் தேடித்தானுங்களே போவாங்க?” என்றார் செங்கோடன்.

அதுவும் நியாயம்தான். இரண்டு கல்லுக்கும் நடுவே இருந்த தரை வெறும் பாறை, தடம் விழாது. நான் அப்படியே குந்தி உட்கார்ந்து வரைபடத்தை முழங்காலில் விரித்தேன். தாள் மேலிருந்து பார்க்கிறது. அவர்கள் நின்ற உயரத்திலிருந்து பார்த்தார்கள். தாளில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு அப்போது என்ன வேண்டும் என்பது தாளுக்குத் தெரியாது. இரண்டையும் நான்தான் சேர்க்க வேண்டும்.

ஒருத்தி மயங்கி விழுகிறாள். ஆறு பெண்கள் சுற்றி நிற்கிறார்கள். முதலில் எதைத் தேடுவார்கள்? ஊரையா? இல்லை. நிழலை. பாறையில் கிடத்த முடியாது, சுடும். நிழல் தருகிற மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவே எல்லைக் கோட்டை ஒரு கறுப்பு ஓடை கடக்கிறது. அங்கே அது ஆழமில்லை, அதன் ஆரம்பம். அந்தக் கறுப்புக் கோட்டைத் தாளில் விரலால் பிடித்துக் கீழே வந்தேன். வடக்கு நோக்கி ஓடுகிறது. கொஞ்ச தூரத்தில், ஓரத்தில் பொடியாகப் பன்னிரண்டு ஆர்.

பன்னிரண்டு மீட்டர் கரை. சூரியன் மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. வடக்கு நோக்கி ஓடும் ஓடையில் அவ்வளவு உயரக் கரை இருந்தால், மேற்குக் கரைக்குக் கீழே நிழல் விழுந்திருக்கும். அந்தச் சரிவு முழுவதிலும் அந்த நேரத்தில் நிழல் என்று இருந்தால் அது ஒன்றுதான். ஒதுங்கிப் போ என்று நான் படித்த எண்ணையே அப்போது போகச் சொல்லும் எண்ணாகப் படித்தேன்.

ஆனால் அதே ஓடையில் இன்னும் கீழே பழுப்புக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அங்கே ஓடை அருவிபோல அறுந்து விழுகிறது, தண்ணீர் இல்லாத அருவி.

இன்னொரு வாட்சரைப் பண்ணை தெரியும் பக்கமாக விசில் ஊதிக்கொண்டு இறங்கச் சொன்னேன். செங்கோடனை அழைத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கினேன். மணலில் வெறுங்கால் தடங்கள் தெரிந்ததும் ஓடத் தொடங்கினோம்.

மேற்குக் கரையின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பிலோமினா அக்காவின் மடியில் பெரியம்மா தலை. முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் உதடு அசைந்தது. ஐந்து பேர் இருந்தார்கள்.

“அக்கா, மத்த ரெண்டு பேரு எங்கே?”

பிலோமினா அக்கா கீழே கையைக் காட்டினாள். “ஸ்டெல்லாவும் அவ நாத்தனாரும் ஆளைக் கூட்டியாறேன்னு எறங்கிப் போனாளுங்க. கூரை தெரியுதுல்ல, கிட்டத்துலதான்னு. இப்பத்தான்.”

பெரியம்மாவின் கையை நான் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. அதை விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டியிருந்தது. செங்கோடன் பையில் தண்ணீரும் டம்ளரும் குளுக்கோஸ் பொட்டலமும் இருந்தன. கோடைக்காலத்தில் அது இல்லாமல் நாங்கள் ஏறுவதில்லை. “முழுங்க முடியுதான்னு பாருங்க. முழுங்கினா மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. உக்கார வெச்சுக் குடுங்க” என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். அவள் என்னை வளர்த்தவள். அவளை ஒரு வாட்சரிடம் விட்டுவிட்டு ஓடினேன். ஆனால் அவளிடம் செய்ய வேண்டியதைச் செங்கோடனால் செய்ய முடியும். கீழே கோடுகள் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். யாருக்கு எந்த வேலை என்பதை அப்படித்தான் பிரிக்க வேண்டும். யார் யாருக்குச் சொந்தம் என்று பார்த்து அல்ல.

ஒரு திருப்பம் தாண்டியதும் பார்த்தேன். ஓடை வழுவழுப்பான பாறையாகி, சட்டென்று முடிந்தது. அதற்கு அப்பால் வெறும் வானமும் கீழே தகரக் கூரைகளும். ஸ்டெல்லா விளிம்பில் உட்கார்ந்து கால்களை வெளியே தொங்கவிட்டிருந்தாள். கீழே ஏதோ திட்டு தெரிகிறது போலும், சறுக்கிவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். நாத்தனார் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். அதே நொடியில் மூடிக்கொண்டேன். விளிம்பில் இருப்பவளைப் பின்னாலிருந்து கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவாள். நடையை நிதானமாக்கினேன். சர்ச் வாசலில் நின்று பேசுகிற குரலில் சொன்னேன்:

“ஸ்டெல்லாக்கா, கஞ்சி ஆறுது. அங்க எல்லாரும் உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க. வாங்க போலாம்.”

அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். “அட, நீயா? நீ எங்கடி இங்க?”

“வேலைக்குத்தான். கையை ஊனிப் பின்னால நகருங்க. அப்படியே. எந்திரிக்காதீங்க.”

அவள் பின்னால் நகர்ந்து பாறையின் உட்பக்கம் வந்த பிறகுதான் நான் எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அதன் பிறகுதான் அவர்கள் இருவரையும் திட்டினேன். நன்றாகவே திட்டினேன்.

மேலே திரும்பி வந்தபோது பெரியம்மாவைக் கரையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு வாய் உள்ளே போயிருந்தது. கண் தெளிந்திருந்தது. தெளிந்ததுதான் வம்பு. வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்காத்தா, இன்னும் ஒரே வாயிங்க. உங்க சாமி ஒண்ணும் கோவிச்சுக்காதுங்க. கோவிச்சுக்கிட்டா எம்மேல போட்டுருங்க” என்று செங்கோடன் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“ஒருசந்தி” என்றாள் பெரியம்மா. குரல் காற்றாக வந்தது. என்னைப் பார்த்தாள். “பதினாலாவது பாக்கியிருக்குடி. அத முடிச்சிட்டுக் குடிக்கறேன்.”

பதினான்காவது ஸ்தலம் என்ன என்பது எங்கள் வீட்டில் பேச்சு வந்த குழந்தைக்கும் தெரியும்.

“பதினாலாவது கல்லறையில அடக்கம் பண்றது, பெரியம்மா. ஆண்டவரை அடக்கம் பண்ணலாமா, ஒன்னை அடக்கம் பண்ணலாமா? நீயே சொல்லு.”

பிலோமினா அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதாள். பெரியம்மா என்னை முறைத்தாள். “வாயி, வாயி. படிக்க வெச்சதுக்கு வாயிதான் மிச்சம்” என்றாள். ஆனால் டம்ளருக்குக் கையை நீட்டினாள்.

முழுவதையும் குடித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தொண்டையில் அது இறங்குவதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

வாக்கியில் ரேஞ்சரின் குரல் கரகரத்தது. “நிலவரம் என்ன?” பொத்தானை அழுத்தினேன். இரண்டு முறை அழுத்தி இரண்டு முறையும் விட்டுவிட்டேன். செங்கோடன் என் கையிலிருந்து அதை வாங்கினார்.

“ஏழு பேரும் இருக்காங்கய்யா. எண்ணிப் பாத்துட்டனுங்க. ஆத்தா குளுக்கோஸ் குடிச்சிட்டாங்க. மேடமும் நல்லா இருக்காங்க. கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசுவாங்க.”

“சரி. ஜீப் நிக்குது” என்றார் ரேஞ்சர்.

விசில் கொடுத்து மற்ற வாட்சரையும் வரவழைத்தோம். வெயிலுக்குப் பெண்கள் தலையில் போர்த்தியிருந்த இரண்டு சேலைகளை ஒரு கம்பில் கட்டித் தூளி செய்து பெரியம்மாவை அதில் கிடத்தினோம். வந்த வழியே ஓடையில் மேலேறி, ஆழமில்லாத இடத்தில் வெளியேறினோம். கீழே தெரிந்த கூரைகளை யாரும் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். கிட்டத்தில் தெரிவதெல்லாம் அந்தக் காட்டில் கிட்டத்தில் இருப்பதில்லை.

ஜீப் நிற்கும் இடத்துக்கு இறங்கும் வழி பதினான்காவது கல்லை ஒட்டித்தான் போகிறது. அங்கே தூளி சுமந்தவர்கள் தோள் மாற்ற வேண்டியிருந்தது. இறக்கி வைத்தார்கள். வைத்ததுதான் தாமதம், ஆறு பெண்களும் அந்த எல்லைக் கல்லின் முன்னால் போய் நின்றுவிட்டார்கள். பிலோமினா அக்கா கையிலிருந்த சிலுவையை மண்ணில் ஊன்றினாள்.

எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரை மறுபடி இறங்கலாம். பெரியம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நெற்றி காய்ந்திருந்தது. பேச்சு தெளிவாக இருந்தது. சுமப்பவர்களுக்கும் மூச்சு வாங்க வேண்டும்.

“தோள் மாத்தற வரைக்கும்தான்” என்றேன். “அதுக்குள்ள முடிச்சிருங்க.”

முழந்தாளிட்டார்கள். பெரியம்மா தூளியில் கிடந்தபடியே செபத்தைத் தொடங்கினாள். குரல் நடுங்கினாலும் ஒரு வார்த்தை தவறவில்லை. நான் கையில் வரைபடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். ஸ்டெல்லா திரும்பி என்னைப் பார்த்தாள்.

“நீ முட்டி போடலையாடி? ஞானஸ்நானம் வாங்கினவதானே?”

நான் வாயைத் திறப்பதற்குள் தூளியிலிருந்து பெரியம்மா செபத்தை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

“அவ டூட்டியில இருக்கா. விடு. அவளுக்கும் சேத்து நாம போடலாம்.”

மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். ஆறு பேரும் பதில் சொன்னார்கள். செங்கோடன் தலைத்துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் நின்றேன். கோடுகள் விரிந்து இறங்கும் வழியைத் தாளிலும் தரையிலும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, அவர்கள் முடிக்கும் வரை நின்றேன்.